பதிவு செய்யப்படாத குரல்

1984 ஜனவரி 24 ஆம் திகதி. அமெரிக்காவின் கூப்பர்ட்டினோ நகரில் ஒரு மண்டபம் நிரம்பியிருந்தது. அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் பையொன்றிலிருந்து சிறிய கணினியை எடுத்து மேசையில் வைத்தார். சற்று நேரத்தில் அது பேசத் தொடங்கியது. தன் பெயர் மெக்கின்டொஷ் என்றது. பையிலிருந்து வெளியே வந்தது நல்லதாயிற்று என்றது. இறுதியில், தனக்குத் தந்தை போன்றவர் என்று ஜொப்ஸையே சபைக்கு அறிமுகம் செய்தது. மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தது.

அந்தக் குரலை எவரும் ஒலிப்பதிவு செய்து உள்ளே வைக்கவில்லை. எழுத்திலிருந்து கணினியே ஆக்கிய குரல் அது. பதிவு செய்து வைத்திருந்தால் வேலை இலகுவாக முடிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலைபேசியில் கேட்கும் தரத்தில் ஒரு செக்கன் பேச்சைப் பதிவு செய்ய ஏறத்தாழ 8,000 பைட் இடம் தேவை. 1982 இல் வெளிவந்து பல நாடுகளில் வீடுகளுக்குள் புகுந்த கொமடோர் 64 கணினியின் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. எட்டுச் செக்கன் பேச்சோடு அது நிரம்பிவிடும். ஆகவே குரலைச் சேமித்து வைப்பதற்குப் பதிலாக, குரலை உண்டாக்கும் விதிகளைச் சேமித்து வைத்தார்கள்.

அவ்வாறு செய்த மென்பொருள்களில் புகழ்பெற்றது 'சாம்'. 'மென்பொருள் தானியங்கி வாய்' என்பது அதன் முழுப் பெயரின் பொருள். மார்க் பார்ட்டன் என்பவர் எழுதிய இது 1982 இல் விற்பனைக்கு வந்தது. அப்பிள் 2, அட்டாரி, கொமடோர் 64 ஆகிய மூன்றிலும் இயங்கியது. மெக்கின்டொஷ் பேசிய மென்பொருளை ஆக்கியவர்களும் இதே பார்ட்டனும் ஜோசப் கட்ஸ் என்பவரும்தான்.

சாம் எப்படிப் பேசியது? 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள். அதே சுருதியில் 'ஈ' என்று சொல்லுங்கள். தொண்டையில் அதிர்வு ஒன்றுதான். வாயின் வடிவம் மாறியதால் ஒலி மாறியது. வாயின் ஒவ்வொரு வடிவமும் சில அதிர்வெண்களை மட்டும் ஓங்கி ஒலிக்கச் செய்கிறது. வளர்ந்த ஆணொருவரின் 'ஆ' ஒலியில் செக்கனுக்கு ஏறத்தாழ 700 அதிர்வுகளும் 1,100 அதிர்வுகளும் ஓங்கி நிற்கும். 'ஈ' ஒலியில் அவை ஏறத்தாழ 300, 2,300 என மாறும். சாம் ஒவ்வோர் ஒலிக்கும் இத்தகைய மூன்று எண்களை அட்டவணையாக வைத்திருந்தது. மூன்று அலைகளை அந்த அளவில் உண்டாக்கிக் கூட்டினால் உயிரொலி பிறக்கும். 'ஸ', 'ஷ' போன்ற காற்றொலிகளுக்கு இரைச்சலைப் பயன்படுத்தியது. சொல்லின் அழுத்தத்தைக் காட்ட, பாவிப்பவர் 1 முதல் 8 வரையான எண்களை இடையில் எழுதலாம்.

அடுத்த சிக்கல் வாசிப்பு. ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜீ, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து வந்தால் ஒரு சொல்லில் 'ஓ' என்றும், இன்னொன்றில் 'ஊ' என்றும், வேறொன்றில் 'அஃப்' என்றும் ஒலிக்கும். தமிழிலும் இது உண்டு. கடல், தங்கம், அகம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே மாதிரியா ஒலிக்கிறது? நாம் யோசிக்காமலே மாற்றி ஒலிக்கிறோம். கணினிக்கோ அதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனவே சாமுடன் எழுத்தை ஒலியாக மாற்றும் இன்னொரு மென்பொருளும் வந்தது. 'சொல்லின் ஈற்றில் ஈ என்ற ஆங்கில எழுத்து வந்தால் பெரும்பாலும் அதை ஒலிக்காதே' என்பது போன்ற விதிகள் அதில் இருந்தன. விதிக்கு அடங்காத சொற்களைப் பிழையாக வாசித்தபோது, பாவிப்பவரே ஒலிக்குறிகளால் எழுதித் திருத்தினார்.

இத்தனையையும் அந்தச் சிறிய இயந்திரங்கள் திணறித்தான் செய்தன. அட்டாரி கணினியில் சாம் பேசும்போது திரை மறைந்துவிடும். படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்தால் பேச்சுக் குழம்பும். கொமடோரில் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் 16 படிகளைக் கொண்டே முழுப் பேச்சையும் ஒப்பேற்றினார்கள். மேடையில் பேசிய மெக்கின்டொஷுக்கும் கடைக்கு வந்த 128 கிலோபைட் போதாமல் 512 கிலோபைட் கொடுக்கப்பட்டிருந்தது. குரலும் இனிமையாக இல்லை. தகரத்தில் தட்டியது போல் இருந்தது.

இனிமையற்ற இந்தக் குரலால் யாருக்கு என்ன பயன்? 1985 இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் கடும் நியுமோனியாவுக்கு ஆளானார். உயிரைக் காக்கத் தொண்டையில் செய்த சத்திரசிகிச்சையால் பேசும் ஆற்றலை முற்றாக இழந்தார். அப்போது வோல்ட்டர் வோல்டோஸ் என்ற அமெரிக்கர் ஒரு மென்பொருளைக் கொடுத்து உதவினார். ஹோக்கிங்கைத் தாக்கியிருந்த அதே நரம்பு நோயால் துன்புற்ற தம் மாமியாருக்காக அவர் ஆக்கியது அது. முதலில் அது இயங்கியதும் ஓர் அப்பிள் 2 கணினியில்தான். ஹோக்கிங் கையிலிருந்த ஆளியை அழுத்தித் திரையில் சொற்களைத் தெரிவு செய்வார்; இணைத்திருந்த பேச்சுக் கருவி அவற்றை ஒலிக்கும். நிமிடத்துக்கு 15 சொற்கள் வரைதான் முடிந்தது. ஆயினும் அவர் விரிவுரை செய்தார்; நகைச்சுவையும் பேசினார். பிற்காலத்தில் இதைவிடச் சிறந்த குரல்கள் வந்தபோதும், அதுவே தம் குரல் என்று அதை விடாமல் வைத்திருந்தார்.

பதிவு செய்த குரல் எவ்வளவு இனிமையானதாயினும் முன்பு சொன்னதையே திருப்பிச் சொல்லும். விதிகளால் பிறக்கும் குரலோ இதுவரை யாருமே சொல்லாத வாக்கியத்தையும் சொல்லும். ஹோக்கிங் சொல்ல நினைத்த புதிய கருத்துகளை யார் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்க முடியும்? இன்று நம் கைத்தொலைபேசி மனிதரைப் போலவே வாசிக்கிறது. அதைக் கேட்கும்போது, திரையை மறைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பேசிய அந்தப் பழைய கணினிகளையும் சற்று நினைத்துக்கொள்வோம்.