இருமல் ஒன்று, நோய் இரண்டு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் நம் வீடுகளில் யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. நாலு நாளில் போய்விடும் என்போம். பெரும்பாலும் போயும் விடுகிறது. என் சித்தியின் மகனுக்குப் போகவில்லை.

அப்போது அவனுக்கு 9 மாதம். மழைக்காலத்தில் மூக்கொழுகலும் காய்ச்சலும் வந்தன. மூச்சு விடும்போது கீச்சுக் கீச்சென்று ஓசை கேட்டது. மூக்கிலிருந்து சளியெடுத்துப் பரிசோதித்து, ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் என்றார்கள். காரணம் தெரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மூன்று வாரமாகியும் இருமல் நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை. பிறகு பார்த்த மருத்துவர், குழந்தையைத் தொடுமுன்பே, "வீட்டில் பெரியவர்கள் யாராவது நெடுநாளாக இருமுகிறார்களா?" என்று கேட்டார். தாத்தா இருமிக்கொண்டுதான் இருந்தார். சுருட்டு இருமல் என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

ஒரு நோய் தென்பட்டதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகர மருத்துவமனையில் காசநோய் ஐயத்துடன் சேர்க்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, பலருடைய மூக்கில் வைரசுகளும் இருந்தன.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அது உள்ளே புகுந்தாலும், பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே நோயாக மாறும். மற்றவர்கள் உடலில் காவல் அணுக்கள் அதைச் சிறைவைத்துவிடும். பச்சிளங் குழந்தையின் அணுக்களுக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றி, மருந்தும் தராவிட்டால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் வந்துவிடும். நெஞ்சிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி, குறுகலான மூச்சுக்குழாயை நெருக்கும். அப்போது எழும் கீச்சொலிக்கும் வைரஸ் தரும் கீச்சொலிக்கும் காதால் வேறுபாடு காண்பது கடினம். தட்டம்மை போன்ற வைரஸ் நோய்களோ எதிர்ப்புச் சக்தியையே சில காலம் குன்றச் செய்து காசத்துக்கு வழிவிடுகின்றன.

"பிறந்தவுடனே பி.சி.ஜி. ஊசி போட்டோமே!" என்று சித்தி அழுதார். அவ்வூசி வீண் அல்ல. கிருமி இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குவதைக் குழந்தைகளிடம் அது பெரிதும் தடுக்கிறது. நுரையீரல் காசத்தை அதே அளவு தடுப்பதில்லை. நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்றே தெரிந்தது.

குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து நீர் எடுத்தார்கள். சித்தியால் அதைப் பார்க்க முடியவில்லை. அம்மாதான் அவனைப் பிடித்துக்கொண்டார். அந்த நீரிலும் தாத்தாவின் சளியிலும் கிருமி இருந்தது.

இருவருக்கும் ஆறு மாத மருந்து, அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைத்தது. குழந்தைக்குத் தண்ணீரில் கரையும் மாத்திரை. முதல் நாள் அவன் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு பாட்டி இரத்தம் என்று அலறிவிட்டார்! அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறந்தான்.

எங்களை வருத்தியது தாத்தாவின் மௌனம். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆயினும், இனிக் கிருமி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுங்கூட அவர் பேரனைத் தூக்கவில்லை. வாசல் திண்ணையிலேயே இருந்தார். போன மாதம் நடக்கக் கற்றுக்கொண்ட அவன் தானாகத் தள்ளாடிப் போய் அவர் வேட்டியைப் பிடித்து நின்றான். தாத்தா முதலில் சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் தூக்கினார்.