மேகம் வந்தால் ரேடியோ பாடும்!

அருப்புக்கோட்டை பக்கம் பாலவனத்தத்தில் இருக்கும் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. டி.வி. வேண்டாம், செல்போன் வேண்டாம். பழைய ரேடியோவில் கேட்ட தூத்துக்குடி வானொலி மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ரேடியோவோ பரணில் கிடக்கிறது.

கட்டைவிரல் அளவில் ஒரு யு.எஸ்.பி. ரிசீவர் வாங்கி லேப்டாப்பில் செருகினேன். எஸ்.டி.ஆர். என்பார்கள். நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைச் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் டி.வி. பார்க்க மலிவாக விற்ற குச்சிக்குள் இந்தத் திறமை ஒளிந்திருப்பது 2012 வாக்கில் வெளியே பரவியது. ஆனால் சாதாரணக் குச்சி 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. தூத்துக்குடியோ 1053 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை. அதனால் மத்திய அலை எடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். நானும் கேட்டுத்தான் வாங்கினேன்.

அப்படியும் வந்ததென்னவோ ‘கொர்ர்ர்’தான். தூத்துக்குடி டிரான்ஸ்மிட்டரின் சக்தி 200 கிலோவாட். எங்கள் ஊருக்கு அது நூறு கிலோமீட்டர்கூட இல்லை. “காசைக் கரியாக்கிட்டியேப்பா” என்றார் அப்பா.

ரிசீவர் மேல் குற்றமில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், பாதி இரைச்சல் ஓடியது. பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணைத்தேன், இன்னும் குறைந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் திண்ணை எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொண்டது. பல்பை மாற்றினேன். ராத்திரியில் தெளிவாகக் கேட்டது. பகலில் மட்டும் அதே ‘கொர்ர்ர்’. எட்டு மணிக்கே படுத்துவிடும் மனிதருக்கு ராத்திரித் தெளிவு எதற்கு?

ஒரு நாள் மதியம், “இப்பக் கேக்குதே!” என்றார் அப்பா. வெளியே பார்த்தால், சூரியனை மேகம் மூடியிருந்தது. மேகம் விலகியதும் இரைச்சல் திரும்பிவிட்டது. கிழக்குப் பக்கத்துக் கிணற்றில் சோலார் மோட்டார்! பேனல் தரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்ற, கன்ட்ரோலர் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுதான் இரைச்சல். பேனல் வயர்களே ஏரியலாகி அதை ஒலிபரப்புகின்றன.

வானம் பார்த்த பூமியில் மோட்டாரை நிறுத்து என்று கேட்க முடியுமா? அப்பாவே தடுத்துவிட்டார்: “மொளகாய்க்குத் தண்ணி பாயட்டும்ப்பா. ரேடியோ கெடக்கு.”

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மரச்சட்டத்தில் ஒரு மீட்டர் சதுரமாக எட்டுச் சுற்று வயர் சுற்றினேன். பரண் ரேடியோவிலிருந்து கேங் கண்டன்சரைக் கழற்றி அதன் இரு முனைகளில் இணைத்தேன். தனியாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அதை ரிசீவருக்குக் கொடுத்தேன். இந்தச் சதுரம் தன் விளிம்பு நோக்கும் திசையில் நன்றாகக் கேட்கும், முகம் நோக்கும் திசையில் செவிடு. எங்களுக்குத் தூத்துக்குடி தெற்கே, மோட்டார் கிழக்கே. விளிம்பைத் தெற்கே வைத்ததும் மோட்டார் சத்தம் அடங்கி, அறிவிப்பாளர் குரல் மேலே வந்தது. சத்தம் போதவில்லை என்று கெயினை மட்டும் கண்டபடி கூட்டிவிடாதீர்கள். ரிசீவர் திணறி, இல்லாத நிலையமெல்லாம் இருப்பதுபோல் காட்டும்.

இப்போது சட்டத்தைத் திருப்பும் வேலை அப்பாவுடையது. இரைச்சல் எந்த இடத்தில் அடங்குகிறதென்று, என்னைவிட அவர் காதுதான் முதலில் பிடிக்கிறது.