மோட்டார் சைக்கிளில் மின்னணு உதவிகள்: ஓட்டுநர்களின் கருத்துகள்

மோட்டார் சைக்கிளின் மின்னணு உதவிகள் என்பவை, பிரேக்கையும் எஞ்சின் விசையையும் கட்டுப்படுத்துவதில் ஓட்டுநருக்குத் துணைசெய்யும் அமைப்புகள் ஆகும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு ஆகியன இவற்றுள் முக்கியமானவை. இவற்றைப் பற்றி ஓட்டுநர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. அந்த வேறுபாடு பெரும்பாலும் ஓட்டும் தரையைப் பொறுத்தது. தார் நெடுஞ்சாலையும் செம்மண் சரளைப் பாதையும் அடுத்தடுத்து வரும் காரைக்குடி வட்டாரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம்.

வரலாறு

மின்னணு ஏபிஎஸ் 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் அறிமுகமானது. டிவிஎஸ் நிறுவனம் 2011-இல் அப்பாச்சி ஆர்டிஆர் 180 வண்டியில் இதை வழங்கியது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏனையவற்றுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு சிபிஎஸ் எனும் இணைப்பு பிரேக் போதும் என்று அவ்விதி கூறியது.

செயல்படும் விதம்

சக்கரத்தில் உள்ள துளை வளையத்தின் சுழற்சியை ஓர் உணரி அளக்கிறது. சக்கரம் திடீரென நிற்கப்போனால், கட்டுப்பாட்டுக் கருவி பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி மீண்டும் கூட்டுகிறது. சக்கரம் தொடர்ந்து உருள்வதால் வண்டி சாயாமல் நிற்கிறது.

ஆதரவுக் கருத்து

காரைக்குடி வழியாகச் செல்லும் திருச்சி – இராமநாதபுரம் நெடுஞ்சாலையில், மழை நேரத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தால் பதற்றத்தில் பிரேக்கை முழுவதும் அழுத்திவிடுவது இயல்பு. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டினால் விழுவதைத் தவிர்ப்பது கடினம். திறமையுள்ளவர்க்கும் அந்தக் கணத்தில் கை நிதானிக்காது என்பதே ஆதரிப்போரின் வாதம்.

எதிர்க் கருத்து

கண்மாய்க் கரையிலோ சரளைப் பாதையிலோ நிலைமை வேறு. பூட்டிய சக்கரம் சரளையை முன்னே குவித்து அதில் புதைந்து நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் நிற்கும் தூரம் கூடுகிறது. "பிரேக் பிடிக்கவில்லை" என்ற குறை இதிலிருந்தே எழுகிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் 2020 மாடலில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி தரப்பட்டது இதற்காகவே.

கவனிக்க வேண்டியவை

* சிபிஎஸ் ஏபிஎஸ் அன்று. அது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும், பூட்டுவதைத் தடுக்காது.
* ஒற்றைத் தட ஏபிஎஸ் பொதுவாக முன்சக்கரத்தை மட்டுமே காக்கும். பின்சக்கரம் பூட்டி வழுக்கலாம்.
* சாதாரண ஏபிஎஸ் வண்டியின் சாய்வை அறியாது. எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.
* சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி நகரத் தொடங்கியபின் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஊரில் அன்றாடம் ஓடும் 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில் ஏபிஎஸ் இல்லை. "புது வண்டிதானே, வழுக்காது" என்று நம்பி ஓட்டுவது ஆபத்தானது. தன் வண்டியில் எந்த அமைப்பு உள்ளது என்பதை ஓட்டுநர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.