மனம் திறக்கும் இருக்கை

உள்ளத் துயரைச் சுட்ட ஒவ்வொரு மொழியும் தனக்குரிய சொல்லைப் படைத்துள்ளது. சிம்பாப்வே நாட்டுச் சோனா மொழி அதனைக் 'குஃபுங்கிசிசா' என்னும். 'மிகையாக எண்ணுதல்' என்பது பொருள். ஹராரே நகரில் 2005ஆம் ஆண்டு, உளநோய் மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் அவள் குடும்பத்திடம் இல்லை. வறுமை மருத்துவத்தின் வாயிலையே அடைத்தமையை இங்கு நாம் காண்கின்றோம்.

மருத்துவத்தை மக்களிடமே கொண்டுசெல்லக் கருதிய அவர், 2006இல் ம்பாரே பகுதிப் பாட்டிமார் 14 பேரைப் பயிற்றுவித்தார். அவர்கள் மருத்துவ நிலையத்தின் வெளியே இருக்கையில் அமர்ந்து கேட்பர். துன்புறுவோர் தம் சிக்கல்களுள் ஒன்றைத் தாமே தேர்ந்து தீர்வு காணத் துணைநிற்பர். இதன் முதற்படிக்கு 'மனத்தைத் திறத்தல்' என்றே பெயர். 573 பேரிடம் நிகழ்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு, இம்முறையால் நோய்க்குறிகள் குறைந்தமையை நிறுவிற்று.

இளையோர் உள்ளத்தைக் காத்தல், அவர்தம் வறுமையையும் செவிமடுக்கும் ஊரார் கடனாகும் என்க.