பனியைத் தானே பொழிந்துகொள்ளும் குன்று

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து தெற்கே காரில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் பக் ஹில் வந்துவிடும். நெடுஞ்சாலையை ஒட்டிய குன்று. உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஏறத்தாழ 95 மீட்டர்தான். ஆல்ப்ஸ்காரர்கள் இதை மலையென்று ஒப்புக்கொள்வது சந்தேகமே. ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் பனிச்சறுக்கின் ‘டவுன்ஹில்’ பந்தயத்தில் தங்கம் வென்ற லிண்ட்சி வான் சிறுமியாகப் பழகியது இங்கேதான். அந்தப் பந்தயத்தில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்.

குன்று சின்னதாக இருப்பதே இங்கே வசதி. மோட்டார் சுழற்றும் நீண்ட கயிறு ஒன்று சரிவில் ஓயாமல் மேலேறிக்கொண்டிருக்கும். கையுறையோடு அதைப் பற்றிக்கொண்டால் போதும், இழுத்துப்போய் உச்சியில் விட்டுவிடும். சில நொடிகளில் இறங்கி, மறுபடி கயிறு, மறுபடி இறக்கம். விளக்கொளியில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பப் பழகலாம். ஆஸ்திரியாவில் பிறந்த பயிற்சியாளர் எரிக் சைலர் பல பத்தாண்டுகள் பிள்ளைகளைப் பழக்கியது இந்த முறையில்தான்.

வானத்தை மட்டும் நம்பினால் இது நடக்காது. பனியைச் செய்துகொள்ள வேண்டும். 1950இல் கனெக்டிகட்டில் பனிச்சறுக்குக் கட்டை தயாரித்த மூவர், பனி பொய்த்து வியாபாரம் படுத்துப்போகவே, பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டத்து ஹோஸ் பைப்பையும் இணைத்துப் பார்த்தார்கள். பனித்துப்பாக்கி பிறந்தது.

தண்ணீரைப் பீய்ச்சினால் தானாக உறைந்துவிடும் என்று நினைக்கலாம். தண்ணீர் அவ்வளவு சுலபமாக இணங்காது. தூய நீரின் நுண்துளி பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை. மைனஸ் 38 டிகிரிவரைகூடத் திரவமாகவே அடம்பிடிக்கும். பனிப்படிகம் கட்டத் தொடங்க அதற்கு ஒரு கரு வேண்டும். துப்பாக்கியில் அழுத்திய காற்று விரியும்போது சட்டென்று குளிர்ந்து, பொடிப்பொடியான பனிவிதைகள் உண்டாகின்றன. மற்ற துளிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு உறைகின்றன.

விதைக்கு இன்னொரு வழியும் உண்டு, அதுதான் இதில் பேரதிசயம்: பயிர்களைத் தாக்கும் ‘சூடோமோனாஸ் சிரிஞ்சே’ என்ற பாக்டீரியா. அதன் மேற்பரப்புப் புரதம் நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் வரிசையில் அடுக்கிக் காட்ட, மைனஸ் இரண்டு டிகிரியிலேயே தண்ணீர் உறைந்துவிடும். உயிர்நீக்கி உலர்த்திய பாக்டீரியாவைப் பொடியாக்கி, ‘ஸ்னோமேக்ஸ்’ என்ற பெயரில் சில பனிச்சறுக்குத் திடல்களுக்கு விற்கிறார்கள். உறைபனியை வரவழைத்து விவசாயியின் இலையைக் கருக்கும் கிருமிக்கு இங்கே கூலிவேலை!

குளிர் மட்டும் போதாது. காற்று காய்ந்தும் இருக்க வேண்டும். துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போது மிச்சத்தின் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்; மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் குளிர்வது இப்படித்தானே. ஆகவே இயந்திரக்காரர்கள் சாதாரண வெப்பமானியைவிட, ஆவியாதலின் குளிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான் நம்புகிறார்கள். அது மைனஸ் இரண்டு, மூன்றுக்கு இறங்கினால் வேலை தொடங்கும்.

இப்படி வருவது ஆறு கைகொண்ட நட்சத்திரப் பனியல்ல, குட்டி உருண்டைகள். புதுப்பனி கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் இருந்தால், இது 400 கிலோவைத் தாண்டும். அதனாலேயே நூறு பேர் மிதித்தாலும் தாங்கும்.

இதைப் போலிப் பனி என்று பழிப்பவர்கள் உண்டு. பழிக்க வேண்டிய இடம் வேறு. வறண்ட மலைகளில் ஏறக்குறைய முழுவதும் இயந்திரப் பனியை நம்பி 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. சில வார விழாவுக்கு அத்தனை தண்ணீர், அத்தனை மின்சாரம். மறுபக்கம், நகரத்துப் பிள்ளைகள் முதன்முதலாகச் சறுக்கப் பழகும் சிறு திடல்கள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டுவிட்டன. முதலீடு பெரிய மலைகளையே தேடிப்போகிறது. அங்கே போக விமானச் சீட்டும் விடுதி அறையும் வேண்டும். பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் பழகிவிட்டு வீடு திரும்ப முடியாது. பக் ஹில்லோ பனியில்லாத மாதங்களிலும் சரிவில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் பிள்ளைகளைப் பழக்குகிறது.