டர்பனில் வாழ்வோர் யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரில், 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 74 பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலோர் ஜூலு மக்கள். இந்தியர் 17 சதவீதம், வெள்ளையர் 7-க்கும் குறைவு, கலப்பினத்தவர் 2.5. இவை நிறவெறி ஆட்சி விட்டுச் சென்ற பகுப்புகள். இவற்றை வைத்து இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

'இந்தியர்' என்பதையே எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. 1911 வரை இப்படி ஒப்பந்தத்தில், டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சென்னைக் கப்பல்களில் தமிழரும் தெலுங்கரும், கல்கத்தாக் கப்பல்களில் போஜ்புரி பேசுவோரும் வந்தனர். சொந்தச் செலவில் வந்த குஜராத்தி வணிகர்கள் கிரே தெருவில் கடை போட்டனர். தோட்டத்தில் வெட்டுக்கத்தி பிடித்தவருக்கும் கல்லாவில் அமர்ந்தவருக்கும் மொழி வேறு, வசதி வேறு. அரசுப் பதிவேட்டில் மட்டும் இருவரும் ஒன்று.

ஜான்சிபாரிகள் என்று அழைக்கப்பட்டவர்களின் கதை இன்னும் கொடியது. 1873 முதல், அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட சில நூறு ஆப்பிரிக்கர்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் மொசாம்பிக்கின் மக்குவா மக்கள், முஸ்லிம்கள். இந்திய முஸ்லிம் அறக்கட்டளை ஒன்றின் நிலத்தில் குடியிருந்தார்கள். நிறவெறி அரசு அவர்களை 'பிற ஆசியர்' என்று பதிந்து, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியது. ஆப்பிரிக்க மண்ணின் மக்கள் காகிதத்தில் ஆசியர் ஆனார்கள்!

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இந்தியர்கள் நிலக்காரர்களாகவும் ஆப்பிரிக்கர்கள் வாடகைக்காரர்களாகவும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். உரசல் இருந்தது, 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் மாண்டனர். ஆனால் அதற்குத் தீர்வு இரு தரப்பையும் பெயர்த்தெறிவதா? 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி இந்தியரைச் சாட்ஸ்வொர்த்துக்கும், ஆப்பிரிக்கரை அரசு எழுப்பிய க்வாமாஷு, உம்லாசி குடியிருப்புகளுக்கும் விரட்டினார்கள். பக்கத்து வீட்டார் அந்நியரானார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் பெருவாரியாக வாழும் ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தப் பகை ஒரே நாளில் முளைத்ததல்ல.

இன்று காங்கோ, சோமாலியா, ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்களும் இங்கே பிழைக்கிறார்கள். 2015-இல் டர்பனில் வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த வன்முறையில் அடி வாங்கியவர்கள் இவர்களைப் போன்ற அயல்நாட்டு ஆப்பிரிக்கர்களே.

டர்பனை 'இந்தியாவுக்கு வெளியே ஓர் இந்திய நகரம்' என்று நம்மவர் பெருமையோடு எழுதுவதுண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். அது முதலில் ஜூலு மக்களின் ஊர். நம்மவர் அங்கே ஆறில் ஒரு பங்கு.