எண்களால் இயங்கும் இயந்திரம்

1972ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் இந்தியாவின் டாட்டா நிறுவனமும் இணைந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. அங்கு இளையர்கள் உலோகத்தைத் துல்லியமாக வெட்டவும் கடையவும் கற்றனர். அந்நாளில் பெரும்பாலும் தொழிலாளர்களே கடைசல் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினர்.

இன்று பல தொழிற்கூடங்களில் அவ்வேலையைக் கணினி செய்கிறது. வெட்ட வேண்டிய அளவுகள் எண்களாக அதற்குத் தரப்படுகின்றன. அவற்றிற்கேற்ப வெட்டுக்கருவி நகர்கிறது. இத்தகைய இயந்திரத்தைச் ‘சிஎன்சி’ என்பர். இயந்திரக் கை ஒன்று உலோகத் துண்டைப் பொருத்தி, வேலை முடிந்ததும் அகற்றுகிறது. இதனால், இரவில் ஆளில்லாமலும் வேலை நடைபெறும்.

ஆயினும், வெட்டுக்கருவி சிறிது சிறிதாகத் தேயும். அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலும் பொருளின் அளவு மாறிவிடும். அதைக் கவனிக்காவிட்டால், அடுத்தடுத்து வரும் எல்லாப் பொருள்களும் வீணாகலாம். எனவே, பொருளை அளந்து எண்களைத் திருத்தவும் மழுங்கிய கருவியை மாற்றவும் திறனாளர்கள் தேவைப்படுகின்றனர். சில இயந்திரங்கள் தாமே அளக்கும். எனினும், எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்பதை மனிதர்களே முடிவு செய்கின்றனர். கைவேலை குறைந்துள்ளது, கவனித்து முடிவெடுக்கும் பொறுப்போ கூடியுள்ளது.